பூனை விட்டுப்போன மூச்சு

பூனை வெளியே வந்தால்தான் அணில் உள்ளே போகும். கொஞ்ச நாளாக அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் அதுதான் சட்டம்.

திங்கட்கிழமை காலை பூனை வெளியே வந்தது. கறுப்புச் சாயம் பூசிய தலை, மடிப்புக் கலையாத சட்டை, ஐம்பதைத் தாண்டிய தொப்பை. நடைவழியின் மறுகோடியில், திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில், முகக்கவசத்தோடு நின்றிருந்தவளைப் பார்த்ததும் இடுப்பு வரை குனிந்து ஒரு கும்பிடு போட்டார்.

"மகாராணிக்கு வணக்கம்! ஸ்டூல் துடைச்சாச்சு. ஹெட்போன் துடைச்சாச்சு. மைக் துடைச்சாச்சு. நீங்க போய் கொலுவீற்றிருக்கலாம்."

"ரொம்ப நன்றி, பூனை சார்."

"நன்றி யாருக்கு வேணும்? ஒரு நாளாவது எதிர்ல நின்னு என்கூட நடிங்க, போதும். ஆளே இல்லாத இடத்தைப் பார்த்துத் துரத்தித் துரத்தி, எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு." சொல்லிவிட்டு இருமினார். கண்கள் சிவந்திருந்தன.

"கண்ணு ஏன் சார் இப்படி இருக்கு?"

"தூசிம்மா. கீழே நாற்காலிக் கடையில மரம் அறுக்கறான்ல. மேலே நம்ம எல்லாருக்கும் பவுடர் அடிக்கறான்."

படியில் அவருடைய செருப்புச் சத்தம் முழுசாகத் தேய்ந்த பிறகுதான் அவள் நடைவழியைக் கடந்து, கதவைத் திறந்து, உள்ளே போனாள்.

பதிவறை என்பது ஒரு பெரிய அலமாரி என்று வைத்துக்கொள்ளலாம். நாலு சுவரிலும் சாம்பல் நிறப் பஞ்சு. குளிர்சாதனப் பெட்டிக்கு இருப்பதுபோல ரப்பர் வைத்த கதவு. ஜன்னல் கிடையாது. ஒரு பக்கம் கண்ணாடி. அதற்கு அந்தப் புறம் ஒலிக்கருவிகளோடு இன்னோர் அறை. அங்கே இரண்டு பேர். ஒருவர் ஒலிப்பதிவாளர், கொசு பறந்தாலும் பதிவை நிறுத்துகிறவர். இன்னொருத்தி வசனக்காரி, இந்தத் தொடரை எழுதுகிறவள், ஆறு மாதக் கர்ப்பிணி.

தொடர் குழந்தைகளுக்கானது. வாரா வாரம் செல்போனில் வரும். பூனை துரத்தும், அணில் தப்பிக்கும். கதை அவ்வளவுதான். அதை வைத்தே மூன்று வருஷம் ஓட்டிவிட்டார்கள். அணிலுக்குக் குரல் கொடுத்தவளுக்கு வயது முப்பத்தைந்து. கூடத்தில் எல்லோரும் அணில் என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, எங்கேயாவது கையெழுத்துப் போடும்போதுதான் அவளுக்குத் தன் சொந்தப் பெயர் ஞாபகம் வரும்.

"டேக் போகலாமா? ஏசியை அணைச்சுட்டேன்," என்றார் ஒலிப்பதிவாளர்.

அன்றைக்கு அணில் உச்சிக் கிளையிலிருந்து விழ வேண்டும். விழுந்தாள். வசனக்காரி உதட்டைப் பிதுக்கினாள். மறுபடி விழுந்தாள்.

"அக்கா, 'ஆ'ன்னு கத்தாதீங்க. அணில் அப்படிக் கத்தாது."

"அணில் விழுந்து நீ எங்கேம்மா பார்த்தே?"

"நான் பார்க்கலை. ஆனா தள்ளி விட்டது நான்தானே!"

மூன்றாவது முறையும் சரியாக வராமல் போகவே, வசனக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பதிவறைக்குள்ளேயே வந்துவிட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு, கையைக் காலை ஆட்டி, "கீ...ஈ...ஈச்" என்று விழுந்து காட்டினாள். இரண்டு பேரும் சிரித்ததில் ஒரு டேக் வீணானது. அணிலுக்கு வியர்த்துக் கொட்டியது. உஷ்ணம் ஏறினால் அவளுக்குக் கண் மங்கும். எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரியும். ஒலிப்பதிவாளர் கேட்காமலே ஏசியைப் போட்டு, "அஞ்சு நிமிஷம் ரெஸ்ட்," என்றார்.

அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அவளுக்கு எம்.எஸ். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று முழுசாகச் சொன்னால் கேட்கிறவர் முகம் அஷ்டகோணலாகும் என்பதால் அவள் சுருக்கமாகவே வைத்துக்கொண்டாள். நரம்பைச் சுற்றியிருக்கும் உறையை, உடம்பின் சொந்தக் காவல்படையே எதிரி என்று நினைத்துக் கடித்துவைக்கிற நோய். சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு கணவன் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கணவன் தெரிந்தபோது ஆரம்பித்தது. "ஒண்ணையே சமாளிக்க முடியலை," என்று அவள் சொல்ல, இரண்டு கணவர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாயங்காலம் வரை இரண்டும் ஒன்றாகாததைப் பார்த்த பிறகுதான் பயந்தார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, டிரிப்ஸில் மருந்து ஏற்றுவார்கள். அது காவல்படையில் ஒரு பிரிவையே தூங்க வைத்துவிடும். நரம்பு பிழைத்தது. மாலையானால் இடது கால் கொஞ்சம் அடம்பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் காவலுக்கு ஆள் குறைந்த வீடு ஆயிற்றே! மற்றவர்களுக்கு மூன்று நாள் இருமலாகப் போகிற வைரஸ் அவளைப் படுக்கையில் தள்ளும். இப்போது ஊர் முழுக்கத் தட்டம்மை வேறு. பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். தடுப்பூசி போடச் சொல்லித் தெருத்தெருவாக ஒலிபெருக்கி கட்டிய வண்டி போனது.

முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். முன்பு ஒரு விளம்பரக் கம்பெனியில் சொன்னாள். "ஐயோ பாவம்," என்றார்கள். அப்புறம் கூப்பிடவே இல்லை. பாவம் என்று சொல்கிறவர்கள் வேலை கொடுக்க மாட்டார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். அணில் போனால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை என்பதுகூட இரண்டாம் பட்சம். அணிலாக இருக்கும்போது அவள் மரம் ஏறினாள், கூரைக்குக் கூரை தாவினாள். அந்த நேரத்தில் இடது காலைப் பற்றி நினைப்பே வராது.

அதனால் முதலாளியிடம், "எனக்குத் தனியா நின்னாத்தான் சார் மூடு வருது," என்று அடித்துவிட்டாள். பூனைக்கு அது பெரிய அவமானம். மகாராணி பட்டம் அப்படி வந்ததுதான்.

அவள் கணவனுக்கோ ஏக திருப்தி. அவன் லிஃப்ட் மெக்கானிக். "பாரு, நம்ம பில்டிங்லகூட காலியா வர்ற லிஃப்ட்ல மட்டும்தானே உன்னை ஏறச் சொல்றேன்? அதே கணக்குதான். நாலு சுவரு, இறுக்கமான கதவு, உள்ளே ஒரே ஆளு. உலகத்துலயே பாதுகாப்பான ரூம்!" என்று பதிவறைக்குச் சான்றிதழே கொடுத்துவிட்டான்.

வியாழக்கிழமை மாலை, கூடத்துக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் பூனையின் குரல் வந்தது.

"அன்பான நேயர்களே! இந்த வயசுல எனக்குத் தட்டம்மை. ஆமா, சிரிங்க. மச்சினி பிள்ளைங்களோட சேர்ந்து கேரம் ஆடினதுக்குப் பரிசு. மூஞ்சி, கழுத்து, தொப்பை, ஒரு இடம் பாக்கி இல்லை, செக்கச்செவேல்னு இருக்கேன். பூனை இனிமே சிறுத்தை!"

குழுவில் சிரிப்புப் பொம்மைகள் கொட்டின. அணில் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. கணவன் கையிலிருந்த ஸ்பேனரை மெதுவாகக் கீழே வைத்தான். அவனுடைய தங்கை, வங்கியில் வேலை பார்ப்பவள், இவர்களோடு இருப்பவள், தட்டை நகர்த்திவிட்டு, "அண்ணி, முதல்ல டாக்டருக்கு போன் போடுங்க. அப்புறம் பயப்படலாம்," என்றாள்.

நரம்பு டாக்டரம்மா உடனே எடுத்தார்.

"டாக்டர், பூனைக்குத் தட்டம்மை!"

"பூனைக்கெல்லாம் தட்டம்மை வராதும்மா."

"அது ஆள் டாக்டர். கூட நடிக்கறவர்."

"ஓ. சரி, ரெண்டு பேரும் ஒரே அறையில இருந்தீங்களா?"

"இல்லவே இல்லை. திங்கட்கிழமை அவர் வெளியே போனப்புறம்தான் நான் உள்ளே போனேன்."

பக்கத்தில் நின்ற கணவன், பரீட்சையில் பாஸான மாதிரி தலையை ஆட்டினான்.

"போனப்புறம்னா? சாயங்காலமா?"

"இல்லை, உடனே."

"அறைக்கு ஜன்னல் இருக்கா?"

"ஜன்னலா? சத்தம் வருமே டாக்டர்."

"ஃபேன்?"

"சத்தம் வரும்."

"ஏசி?"

"டேக் போகும்போது அணைச்சிடுவோம். ஏன்னா..."

"சத்தம் வரும். புரியுது. மத்த நேரத்துல போட்டாலும், அந்த ஏசி உள்ளே இருக்கற காத்தையேதான் சுத்தி விடும், இல்லையா?" டாக்டரம்மா ஒரு மூச்சு விட்டார். "தட்டம்மை வைரஸ், ஆள் போனப்புறமும் ரெண்டு மணி நேரம் வரைக்கும் அறைக்குள்ள மிதக்கும்மா. தடிப்பு வர்றதுக்கு நாலு நாள் முன்னாடியே மூச்சுல பரவ ஆரம்பிச்சுடும். நீங்க அவரைச் சந்திக்கலை. அவர் மூச்சைச் சந்திச்சுட்டீங்க."

"ஆனா எல்லாத்தையும் துடைச்சோமே டாக்டர்! ஸ்டூல், மைக்..."

"காத்தைத் துடைச்சீங்களா?"

கணவன் சுவரில் சாய்ந்தான். "காலி லிஃப்ட்ல ஏறுன்னு நான்தானே சொன்னேன்," என்றான் சின்னக் குரலில். "உள்ளே ஃபேன் ஓடலைன்னா அந்த லிஃப்ட்டை ஓட்டவே விடமாட்டேன் நான். எனக்குப் புத்தி எங்கே போச்சு?"

"அண்ணா, நீ அப்புறமா அழு. டாக்டர் பேசட்டும்."

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். தட்டம்மைத் தடுப்பூசி, உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து போடுவது. அவளுடைய மருந்து உடம்பில் இருக்கும்போது அதைப் போட முடியாது. சின்ன வயதில் போட்டிருந்தாலும் இப்போது அதை மட்டும் நம்பிச் சும்மா இருக்கக் கூடாது. அதற்குப் பதில், மற்றவர்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதத்தை டிரிப்ஸில் ஏற்றலாம். கிருமி பட்ட ஆறு நாளுக்குள் ஏற்ற வேண்டும்.

"இன்னும் நேரம் இருக்கு. நாளைக்கு வாங்க. ஆனா என் வார்டுக்கு வந்துடாதீங்க. பின்பக்கம் தனி அறை ஏற்பாடு பண்றேன். கூப்பிடற வரைக்கும் வெளியே மரத்தடியிலயே நில்லுங்க."

"ஏன் டாக்டர்?"

"வார்டுல இருக்கறவங்க எல்லாரும் உங்களை மாதிரி மருந்து ஏத்திக்கறவங்க. இப்போதைக்கு அவங்களுக்கு நீங்கதான் பூனை. நாலு வாரம் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. ஆமா, அவருக்கு அப்புறம் அந்த அறைக்குள்ள வேற யாராவது வந்தாங்களா? கைக்குழந்தைக்காரங்க, கர்ப்பிணி, அந்த மாதிரி?"

கீ...ஈ...ஈச் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்து காட்டியவள் அவள் கண்முன் வந்தாள்.

"வந்தாங்க," என்றாள்.

"உடனே சொல்லிடுங்க. அவங்களும் ரத்தம் டெஸ்ட் பண்ணணும்."

போனை வைத்ததும் நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வங்கியில் கடன் கேட்டு வருகிறவர்களின் கதைகளைக் கேட்டுக் கேட்டு அவளிடம் சாக்குகளுக்குப் பஞ்சமே இல்லை.

"நாலு வாரம் லீவு. என்ன சொல்லப் போறீங்க? கால் சுளுக்குன்னு சொல்லலாம்."

"கால் சுளுக்கினா வாய் பேசாதா? வந்து உட்கார்ந்து பேசுன்னுவார் முதலாளி."

"அப்போ தொண்டை."

"தொண்டை போச்சுன்னா அடுத்த நாளே வேற அணிலைப் பிடிச்சுடுவார்."

"தூரத்துச் சொந்தம் ஒருத்தரைச் சாகடிச்சுடலாம்."

"ஏற்கெனவே ரெண்டு பெரியப்பாவைச் சாகடிச்சுதான் போன தடவையும் அதுக்கு முன்னாடியும் மருந்து ஏத்திக்கப் போனேன். எனக்கு இருக்கறதே ஒரு பெரியப்பாதான்."

கணவனுக்கு இந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. "நான் என்ன சாக்கு வேணா சொல்லலாம். அந்தப் பொண்ணுக்கு என்ன சொல்றது?"

"டெஸ்ட் பண்ணிக்கோன்னு சொல்லுங்க."

"எதுக்குன்னு கேட்பா. பூனை இருந்தப்போ அவ அந்தப் பக்கம் கண்ணாடிக்குப் பின்னாடி இருந்தா. தனக்கு ஒண்ணும் ஆகலைன்னுதான் நினைச்சுட்டிருப்பா. இப்போ குழுவுல சிரிப்புப் பொம்மை போட்டதுல அவளும் ஒருத்தி."

"பொதுவா ஒரு சுகாதாரச் செய்தியை ஃபார்வர்டு பண்ணி விட்டுடலாமே, அண்ணி?"

"குழுவுல வர்ற ஃபார்வர்டை நீ என்னிக்காவது படிச்சிருக்கியா?"

நாத்தனார் செல்போனை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

நாளைக்கும் அந்த அறைக்குள் யாராவது போவார்கள். ஸ்டூலைத் துடைத்துவிட்டு, கதவை இறுக்கிச் சாத்திக்கொண்டு. அவள் செய்து வைத்த ஏற்பாடு அது. ஒருத்தர் போனதும் அடுத்தவர் என்று முறை வைத்ததே அவள்தான்.

முதலில் வசனக்காரிக்குத் தனியாக போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிக்கா. இப்பவே கிளம்பறேன்," என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு, அணில் குழுவைத் திறந்து, சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். தயவுசெஞ்சு நாளைக்குப் பதிவறைக்குள்ள யாரும் போகாதீங்க. பூனை சாருக்கு அப்புறம் உள்ளே போன எல்லாரும் டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. துடைச்சா போகாது, அது காத்துல இருக்குமாம். எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னா, எனக்கு எம்.எஸ்.னு ஒரு நரம்பு வியாதி. அதுக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கற மருந்து எடுத்துக்கறேன். அதனாலதான் தனியா நடிச்சேன். மூடு கீடு எல்லாம் சும்மா. நாலு வாரம் வர முடியாது சார். பெரியப்பா ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. அதாவது, ஒருத்தர் இருக்கார். இன்னொருத்தர் பிறக்கவே இல்லை."

கடைசி வரி தானாக வந்துவிட்டது. விரலை எடுத்தாள். போய்விட்டது.

குழுவில் சிரிப்புப் பொம்மைகள் நின்றுபோயின. ஒருவரும் ஒன்றும் போடவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியின் பின்பக்க மரத்தடியில் நின்றாள். உள்ளே வரச் சொல்லி ஒரு நர்ஸ் கதவிடுக்கில் கையை மட்டும் நீட்டி ஆட்டினாள். ஜன்னல் எல்லாம் திறந்த ஒரு பழைய சாமான் அறை. உடைந்த சக்கர நாற்காலிகளுக்கு நடுவில் ஒரு கட்டில். சொட்டுச் சொட்டாக ஏறியது.

"இது எத்தனை பேரோட ரத்தம் சிஸ்டர்?"

"ஆயிரக்கணக்கான பேரோடதும்மா."

"அப்போ எனக்குள்ள இப்போ ஒரு கூட்டமே இருக்கு."

"இருக்கட்டும். கூட்டத்தோட கூட்டமா கையை ஆட்டாம படுங்க."

பாதியில் முதலாளியின் போன் வந்தது. அவர் எப்போதும் கத்திப் பேசுகிறவர். அன்றைக்கு மெதுவாகப் பேசினார். அது இன்னும் பயமாக இருந்தது.

"ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா வெச்சுக்குவீங்களா சார்?"

முதலாளி தொண்டையைச் செருமினார். "பொய் சொல்ல மாட்டேன். யோசிச்சிருப்பேன்." பிறகு, "கையில ரெண்டு வாரத்துக்குத்தான் எபிசோடு இருக்கு. அதுக்கு மேல அணில் இல்லாம எப்படி ஓட்டறது? ஒரு பொண்ணு வர்றா. குரல் கேட்டுப் பார்க்கணும். தப்பா எடுத்துக்காதே," என்றார்.

"எடுத்துக்கலை சார்," என்றாள். எடுத்துக்கொண்டாள். டிரிப்ஸ் முடியும் வரை கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

வீட்டில் காவல் ஆரம்பித்தது. கணவன் காலையும் மாலையும் தெர்மாமீட்டரோடு வந்து நிற்பான். நாத்தனார் செல்போன் வெளிச்சத்தில் காதுக்குப் பின்னால், கழுத்தில், முதுகில் தடிப்பு தேடுவாள். ஒருநாள் முதுகில் ஒன்றைக் கண்டுபிடித்து அவள் போட்ட கூச்சலில் கணவன் சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து ஓடி வந்தான். கொசு கடித்த இடம் அது.

வசனக்காரிக்கு ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி நன்றாகவே இருந்தது. ரிசல்ட் வந்த அன்றே கூப்பிட்டாள். "எனக்கும் குழந்தைக்கும் ஒண்ணும் இல்லைக்கா," என்று ஆரம்பித்து, அழுது, அழுததற்காக அசடு வழிந்து, "கர்ப்பிணிகளுக்கு இப்படித்தான், பிஸ்கட் உடைஞ்சாலும் அழுகை வருது," என்றாள்.

ஒலிப்பதிவாளரும் கூப்பிட்டார். "அந்தப் பொண்ணு வந்தா. கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து போட்டு, வராந்தாவுலயே குரல் எடுத்தோம்."

"எப்படி அண்ணா இருக்கு?"

அவர் ஒலி விஷயத்தில் யாருக்காகவும் பொய் சொல்ல மாட்டார். "நல்லா இருக்கு," என்றார். "விழறதுதான் உன் அளவுக்கு இல்லை. ஆனா பழகிடுவா."

அன்று இரண்டு தடவை காய்ச்சல் பார்க்கச் சொன்னாள். இரண்டு தடவையும் இல்லை.

அப்புறம் பூனை கூப்பிட்டார். தொண்டை கரகரத்தது. சிறுத்தைப் புள்ளிகள் உதிர ஆரம்பித்திருந்தனவாம்.

"உங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னே தெரியலை. நான் தெரிஞ்சு செய்யலைம்மா."

"தெரியும் சார்."

"தூசின்னுதான் நிஜமாவே நினைச்சேன். அந்த நாற்காலிக் கடைக்காரனை எவ்வளவு திட்டினேன் தெரியுமா? அவன்கிட்டயும் மன்னிப்புக் கேட்கணும் போல." ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "மகாராணின்னு கிண்டல் பண்ணேன் பாருங்க, அதை வாபஸ் வாங்கிக்கறேன்."

"வேணாம் சார். பட்டத்தைக் கொடுத்துட்டுத் திரும்பப் பிடுங்குவாங்களா?"

அவர் சிரிக்கப் போய் இருமினார். அவள் தன்னையறியாமல் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். பிறகு தானே சிரித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் வசனக்காரியிடமிருந்து புது எபிசோடு வந்தது. திறந்து பார்த்தவள் திகைத்துப்போனாள். பூனைக்குப் பயந்து ஓடிய அணில், ஒரு மழைநீர்க் குழாய்க்குள் தலைகுப்புற மாட்டிக்கொண்டுவிட்டது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. குழாய்க்குள்ளிருந்து கத்தும். வெளியே பூனை உட்கார்ந்துகொண்டு அதோடு வாக்குவாதம் பண்ணும். எபிசோடு முழுக்க அதுதான்.

"குழாய்க்குள்ள குரல் கொழகொழன்னுதானே கேட்கும்? ஸ்டூடியோ மாதிரி துல்லியமா இருந்தாத்தான் தப்பு," என்றாள் வசனக்காரி போனில். "வீட்ல இருந்தே பேசி அனுப்புங்க."

"முதலாளி ஒத்துக்கிட்டாரா?"

"அந்தப் பொண்ணுதான் ரெடியா இருக்காளேன்னு முதல்ல முறைச்சார். விழறது சரியா வரலைன்னு ஒலிப்பதிவாளர் சொன்னார். எனக்கு வயித்தை வலிக்குதுன்னு நான் சொன்னேன். உடனே ஒத்துக்கிட்டார். ஆறு மாசக் கர்ப்பிணிகிட்ட யாருக்கா வாதாடுவா?"

குழாய்க்கு என்ன செய்வது? ஒலிப்பதிவாளர் வீடியோ அழைப்பில் வந்து ஒவ்வொரு சாமானாகத் தட்டிக் காட்டச் சொன்னார். வாளி வேண்டாம் என்றார். குப்பைக்கூடை வேண்டவே வேண்டாம் என்றார். கடைசியில் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம்மைக் கவிழ்த்து, படுக்கவைத்து, மெத்தையைச் சுற்றிக் கட்டினார்கள். அணில் குப்புறப் படுத்துத் தலையையும் தோளையும் உள்ளே நுழைத்தாள். நாத்தனார் டிரம் உருளாமல் பிடித்துக்கொண்டாள். கணவன் டிரம்மின் அடியில் ஒரு ஓட்டை போட்டிருந்தான்.

"இது எதுக்குடா அண்ணா?"

"காத்து வரணும்ல," என்றான் அவன்.

"உதவி! யாராவது உதவி பண்ணுங்க!" என்று டிரம்முக்குள் அணில் கத்தியது. "மேலேயும் போக முடியலை, கீழேயும் போக முடியலை! டேய் பூனை, அங்கேதான் இருக்கியா?"

பின்னாலிருந்து யாரோ அவள் காலைத் தட்டினார்கள்.

"என்ன?"

"டெம்பரேச்சர் பார்க்கற நேரம்," என்றான் கணவன்.

ஒலிப்பதிவாளர் பதிவை நிறுத்திவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். காய்ச்சல் இல்லை. இடது கால் ஒத்துழைக்காததால் டிரம்மிலிருந்து அவளை இரண்டு பேர் உருவி எடுக்க வேண்டியிருந்தது. ஆனால் எபிசோடு வந்தது. அடுத்த எபிசோடிலும் அணில் குழாயிலேயே இருந்தது.

நாலாவது வாரமும் முடிந்தது. தடிப்பு வரவில்லை, காய்ச்சல் வரவில்லை. டாக்டரம்மா, "இனிமே வெளியே போகலாம். ஆனா ஊர்ல இன்னும் தட்டம்மை இருக்கு. நீங்க வாங்கிக்கிட்ட கூட்டமும் மெல்ல மெல்லக் கலைஞ்சு போயிடும். ஜாக்கிரதை," என்றார்.

அன்று மாலையே முதலாளி கூப்பிட்டார். கத்தினார். அந்தக் கத்தலைக் கேட்டதும் அவளுக்குப் பாதி உயிர் வந்தது.

"குழாயை விட்டு எப்பம்மா வெளியே வரப் போறே?"

"வர்றேன் சார். ஆனா முன்ன மாதிரி வர மாட்டேன்."

"என்னது?"

முன்பென்றால் இந்த இடத்தில் ஒரு பெரியப்பா செத்திருப்பார். அவள் நேராகவே சொன்னாள். "காலையில முதல் ஆளா நான்தான் பேசுவேன். எனக்கு முன்னாடி யாரும் உள்ளே போகக் கூடாது. பதிவறைச் சுவத்துல வெளிக்காத்துக்கு ஒரு ஃபேன் வைக்கணும். டேக் இல்லாதப்போ அது ஓடட்டும். இருமல், காய்ச்சல்னா யாரும் வரக் கூடாது, நீங்க உள்பட. அடுத்த மாசம் மருந்து ஏத்தப் போவேன், ரெண்டு நாள் வர மாட்டேன்."

"சுவத்துல ஓட்டையா? சத்தம் வருமேம்மா!"

"நிறுத்தினா தானா மூடிக்கற மாதிரி மூடி வெச்ச ஃபேன் இருக்காம் சார். என் வீட்டுக்காரர் வந்து மாட்டித் தர்றேங்கறார்."

"ஒலிப்பதிவாளர் என்னைக் கொன்னுடுவார்."

"அவர்தான் சார் இந்த யோசனையே சொன்னார்."

முதலாளி சிறிது நேரம் முணுமுணுத்தார். ஃபேன் சரி, ஆனால் ரெண்டு நாள் லீவை ஒரு நாளாக்க முடியுமா என்று பேரம் பேசினார். முடியாது என்றாள். காலையில் முதல் ஆள் என்றால் பூனை மத்தியானம்தான் வர முடியும், கோபித்துக்கொள்வார் என்றார். அவரிடம் கேட்டாகிவிட்டது, சந்தோஷமாகத் தூங்கிவிட்டு வருகிறேன் என்கிறார் என்றாள். முதலாளிக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது.

"சரி, ஒழி. திங்கட்கிழமை வா," என்றார். பிறகு குரலைத் தணித்து, "இன்னொண்ணு. அந்தப் புதுப் பொண்ணை அனுப்ப மனசு வரலை. கதையில ஒரு எலியைச் சேர்க்கச் சொல்லியிருக்கேன். அவளும் உன்னோட சேர்ந்து பேசுவா. குரல் ரொம்ப நல்ல குரலு. உனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையே?" என்றார்.

அணில் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"அந்தப் பொண்ணுக்கு இருமல் இருக்கா சார்?"

"அதை நான் கேட்கலையேம்மா."

"கேட்டுட்டுக் கூப்பிடுங்க," என்று போனை வைத்தாள்.